மீன் கிடந்த தண்ணீர்

பிரஷைக் கொஞ்சம் எடும் தம்பி. ஒரே நிமிஷம். அந்தக் கீழ் வரிகளில் என்ன எழுதப் போகிறீர்? முதல் வரி எனக்கே தெரியும், மீன்வளத் துறை என்று இருக்கும். சர்க்கார் போர்டு எல்லாவற்றிலும் முதலில் அவர்கள் பேர்தான். அதற்குக் கீழே பென்சிலில் கோடு போட்டு வைத்திருக்கிறீரே, அதை வாசித்துச் சொல்லும். நான் மூன்றாம் வகுப்பு. பெரிய எழுத்தென்றால் கூட்டி வாசிப்பேன், பென்சில் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது.

'விலாங்கு மீன்களின் நெட்டியில் புழு நோய் பரவி வருகிறது.' சரி. அடுத்தது?

'மீன் கொண்டுவந்த தண்ணீரை ஆற்றில் ஊற்றாதீர்கள்.'

இதைத்தான் கேட்டேன். இது யாரைப் பற்றி எழுதினது தெரியுமா? என்னைப் பற்றி. என் பேர் வெயிலுமுத்து. அந்தப் பேர் இதில் இல்லை, உண்மைதான். ஆனால் இந்தக் கீழணையில் மீனைத் தண்ணீரோடு வெளியூரிலிருந்து கொண்டுவந்து, தண்ணீரை மரியாதையாக ஆற்றில் ஊற்றுகிறவன் நான் ஒருத்தன்தான். பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் எல்லாம் இதை வாசிப்பான். வாசித்துவிட்டு என் வீட்டைத் திரும்பிப் பார்ப்பான். அந்தா, நீலக் கதவு போட்ட வீடு.

நீர் முதல் இரண்டு வரி எழுதும், கீழே போன் நம்பர் எழுதும். இந்த ஒரு வரியை விட்டுவிடும். விட்டால் உமக்கு என்ன குறைந்துபோகும்? கேட்டால் இடம் பத்தவில்லை என்று சொல்லும்.

சிரிக்காதேயும். சொல்கிறேன், கேளும்.

இந்த ஆற்றில் இரண்டு அணை. இது கீழணை. நாலு மைல் மேலே போனால் மேலணை. இங்கே மடைக்கு முன்னால் முதல் பறி வைக்கிற பாத்தியதை எனக்கு. பறி என்றால் மூங்கில் கூடு, உள்ளே போகிற மீன் வெளியே வராது. மேலணையில் அந்தப் பாத்தியதை சங்கிலிபூதத்துக்கு. அவன் யார் என்றால், என் பெண்டாட்டி பேராச்சியின் உடன்பிறந்த தம்பி. என் மச்சினன். இவனோடு எனக்குப் பேச்சு இல்லை. பத்தொன்பது வருஷமாக இல்லை.

ஏன் என்று கேட்பீர். சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒரு முறை உண்டு. மீன் கிடந்த தண்ணீரைத் தரையில் கொட்டக் கூடாது. குடத்தில் கிடந்தாலும் சரி, டிரம்மில் கிடந்தாலும் சரி, அந்தத் தண்ணீரைத் தண்ணீரில்தான் விட வேண்டும். தரையில் கொட்டினால் கால் படும். மீன் கிடந்த தண்ணீரை மிதித்தால் மறுநாள் பறியில் மீன் பாடு விழாது. இது நான் கண்டுபிடித்தது இல்லை. இந்த ஆற்றில் பறி வைத்த அத்தனை பேரும் செய்தது.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சங்கிலிபூதம் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். நான் வெறுங்கையோடு போகிறவனா? இரண்டு விலாங்கு, ஒவ்வொன்றும் கை மொத்தம், குடத்தில் உயிரோடு கொண்டுபோனேன். அவன் என்ன செய்தான்? மீனை எடுத்து உள்ளே கொடுத்துவிட்டு, குடத்தைத் தூக்கி வாசல் தென்னை மூட்டில் கவிழ்த்தான். ஊரே நடந்து போகிற வாசல். வந்த ஜனம் அத்தனையும் அதை மிதித்துக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தது.

"ஏல, என்ன காரியம் செஞ்சிருக்க?" என்றேன்.

"தென்னைக்கு நல்லது அத்தான்" என்றான்.

தென்னைக்கு நல்லதாம். சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அன்றோடு சரி. பேராச்சியும் அதற்கப்புறம் அந்த வாசல் மிதிக்கவில்லை. மிதிக்க விடவில்லை நான். அந்தத் தென்னை இன்றைக்குக் குலை குலையாகக் காய்க்கிறது என்று சொல்கிறார்கள். காய்க்கட்டும்.

அடுத்ததைக் கேளும். கோடையில் ஆற்றில் தண்ணீர் இருக்காது, விலாங்கு சேற்றுக்குள் போய்விடும், பறியில் ஒன்றும் விழாது. ஆனால் மூலக்காரன் கோடையில்தான் வருவான். விலாங்கு தின்றால் மூலம் கேட்கும் என்று எவனோ சொல்லி வைத்தான், அவன் நல்லா இருக்கட்டும். மதுரையிலிருந்து காரில் வருவார்கள், காரில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே பேசுவார்கள். அவர்களைச் சும்மா திருப்பி அனுப்ப முடியுமா? கடற்கரைப் பக்கம் ஒருத்தன் விலாங்குப் பண்ணை வைத்திருந்தான். எந்த நாட்டுக் குஞ்சோ, தொட்டியில் போட்டு வளர்த்தான். அங்கே போய் மொபெட்டில் டிரம்மைக் கட்டி, பதினைந்து இருபது உருப்படி வாங்கி வருவேன். இங்கே கசத்தில், ஆற்றின் ஆழமான பள்ளத்தில், ஒரு பறியை முக்கி அதற்குள் போட்டு வைத்து, ஆள் வர வர எடுத்துக் கொடுப்பேன். ஒன்றிரண்டு பறியிலிருந்து நழுவி ஆற்றோடு போய்விடும். போகட்டும், ஆறு பிழைக்கும் என்று விட்டுவிடுவேன். டிரம்மில் கிடந்த தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கசத்தில் ஊற்றுவேன். இப்படி எட்டு வருஷம். பிறகு பண்ணைக்காரன் நொடித்துப்போய் மூடிவிட்டான்.

இந்த ஆற்றுக்கு விலாங்கு கொடுத்தவன் நான். எடுத்தவன் மட்டும் இல்லை, கொடுத்தவன். அதை யாராவது போர்டில் எழுதுகிறானா?

போன வருஷம் ஆவணியில் ஜெனிட்டா மேடம் வந்தது. மீன் படிப்புப் படித்த பிள்ளை, தூத்துக்குடிக்காரி. முட்டுவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அணையில் இறங்கி நின்றது. ஐயா, உங்கள் பறியில் விழுகிற விலாங்கில் பத்து வேண்டும் என்றது. கொடுத்தேன். மேலணையிலும் பத்து வாங்கியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்து வந்து, என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பேராச்சி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுச் சொல்கிறது:

"ஐயா, கீழணை விலாங்கு பத்துல ஒம்பதுல புழு இருக்கு. மேலணையில ஒண்ணுல கூட இல்ல."

புழு எங்கே என்றால் நெட்டியில். உமக்குத் தெரியுமா நெட்டி? மீன் வயிற்றுக்குள் முதுகெலும்பை ஒட்டி ஒரு காற்றுப்பை இருக்கும், பலூன் மாதிரி. அதை வைத்துத்தான் மீன் மேலே ஏறும், கீழே இறங்கும். அதற்குள் இந்தப் புழு குடியிருந்து ரத்தம் குடிக்குமாம். அதன் குஞ்சு மீனின் கழிவோடு தண்ணீரில் விழுமாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தண்ணீர்ப் பூச்சி அதைத் தின்னுமாம். பூச்சியைப் பொடி மீன் தின்னுமாம். பொடி மீனை விலாங்கு தின்னுமாம். கண்ணுக்குத் தெரியாதது கண்ணுக்குத் தெரியாததைத் தின்றது என்று சொன்னால் நான் எதை வைத்து வழக்காடுவேன், சொல்லும்.

"தின்னா மனுஷனுக்கு ஏதாவது செய்யுமா?" என்று பேராச்சி கேட்டாள்.

"ஒண்ணும் செய்யாதும்மா. மீனும் ஆத்துல இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். கடலுக்குப் போகும்போதுதான் கஷ்டம். விலாங்கு பொறக்கிறது நடுக்கடல்ல. வளர்றதுதான் இங்க. ஐப்பசி வெள்ளத்துல பெரிய விலாங்கு இறங்கிப் போகுதுல்லா, அது குஞ்சு பொரிக்கப் போகுது. ரொம்ப ஆழத்துக்குப் போகணும். நெட்டி கெட்டுப் போச்சுன்னா பாதி வழியிலயே நின்னுரும்."

இது எனக்கு ஒரு பாதி தெரியும். ஐப்பசியில் இறங்குகிற விலாங்கைப் பெருங்கண்ணன் என்போம். கண் இரண்டு மடங்காகிவிடும், வயிறு வெள்ளி மாதிரி வெளுத்துவிடும், இரையைத் தொடாது. அதுவரை சேற்று நிறத்தில் கிடந்தது, மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடும். எங்கே போகிறது என்று நான் யோசித்தது இல்லை. என் பறிக்குள் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டது. "ஐயா, வெளியில இருந்து மீன் கொண்டு வந்தீங்களா? அந்தத் தண்ணிய எங்க ஊத்துவீங்க?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "ஆத்துலதான். ஒரு சொட்டு தரையில விட்டது கிடையாது. மேலணைக்காரன் மாதிரி தென்னை மூட்டுல ஊத்துறவன் நான் இல்ல. அதையும் எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டது. எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. மீதிக் காப்பியைக் குடிக்கவும் இல்லை. சங்கிலிபூதம் செய்கிற அநியாயத்தைக் கேட்டு அதற்கே மனசு சங்கடப்பட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பேராச்சி என்ன செய்தாள் தெரியுமா? மறுநாள் முதல் மீன் கழுவின தண்ணீரைக் கொண்டுபோய்க் கொல்லை முருங்கை மூட்டில் ஊற்றுகிறாள். முப்பத்தாறு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினவள். "என்னட்டி இது, தம்பி புத்தி வந்துட்டோ?" என்றேன். "முருங்கைக்கு நல்லது" என்கிறாள். வார்த்தையைப் பாரும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது சும்மாவா?

நான் பேசப் பேச நீர் கோட்டுக்கு மேலேயே எழுதிக்கொண்டு போகிறீர். 'மீன்' என்று எழுதியாகிவிட்டது. சரி, மீன் என்பதில் ஒன்றும் இல்லை. மெள்ள எழுதும். முழுசாகக் கேட்டுவிட்டு எழுதும்.

சேதி பரவிவிட்டது. கீழணை விலாங்கில் புழு என்று. மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது என்றால் மூலக்காரன் கேட்பானா? காரைத் திருப்பிக்கொண்டு மேலணைக்குப் போகிறான். என் வீட்டு வாசலில் நிறுத்தி, சங்கிலிபூதம் வீட்டுக்கு எப்படிப் போகணும் என்று என்னிடமே வழி கேட்டான் ஒருத்தன். காட்டுப் பாதையைக் காட்டிவிட்டேன். அவன் நிலைமையில் அந்தக் குலுக்கல் ரொம்பக் கஷ்டம்தான். இருக்கட்டும்.

எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது. அந்தப் பிள்ளை சின்னப் பிள்ளை, அதற்கு வஞ்சனை தெரியாது. சங்கிலிபூதம்தான் எங்கிருந்தோ நோய் பிடித்த மீனைக் கொண்டுவந்து, மேடம் என்னிடம் வாங்கிப் போன மீன் பையில் மாற்றி வைத்திருக்கிறான். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படி இருக்கும்?

மேடம் போன் போட்டது. இந்த ஐப்பசி ஒரு வெள்ளத்துக்கு மட்டும் பறி வைக்காதீர்கள் ஐயா, பத்தில் ஒன்றாவது நல்லதாக இருக்கும், அது கடலுக்குப் போகட்டும் என்றது. நான் சொன்னேன், பறி வைப்பேன், விழுகிற மீனை உயிரோடு மேலணைக்கே கொண்டுவருவேன், நீயும் வா, அவனும் இருக்கட்டும், எல்லார் கண் முன்னாலும் என் கையால் அறுப்பேன், என் மீன் சுத்தம் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று.

"அறுக்க வேண்டாம்யா" என்றது. போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது வெள்ளத்தில் ஏழு விழுந்தது. ஏழும் பெருங்கண்ணன். டிரம்மில் போட்டு மொபெட்டில் ஏற்றினேன். பின்னால் பேராச்சி டிரம்மைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் பிறந்த ஊர்ப் பாதையில் போவது அன்றைக்குத்தான். வழியெல்லாம் டிரம்முக்குள் மீன் புரளுகிற சத்தம்தான்.

மேலணையில் பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள். மேடம் நிற்கிறது. டிரம்மை இறக்கி, முறைப்படி முதலில் பாதித் தண்ணீரை ஆற்றில் விட்டுவிட்டு மீனை எடுக்கலாம் என்று படித்துறைப் பக்கம் உருட்டினேன். சங்கிலிபூதம் வந்து படியில் குறுக்கே நின்றான். தலை எல்லாம் நரைத்துவிட்டது அவனுக்கு. நான் தூரத்தில் பார்த்ததுதானே இத்தனை நாளும், தெரியவில்லை.

"அத்தான், மீனை இந்தக் கல்லுல போட்டு அறுங்க. தண்ணிய மட்டும் இங்க ஊத்தாதிய" என்றான்.

பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் பேசுகிற முதல் வார்த்தை. வாங்க என்று சொல்லவில்லை. சுகமா என்று கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றாதே என்கிறான்.

"விலகுல."

"விலக மாட்டேன் அத்தான். அடிக்கணும்னா அடிங்க."

கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். அடிக்கிற வயசா எனக்கு? பேராச்சி டிரம்மின் மறு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்தது எனக்கு ஒத்தாசையா, தடையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. சரி, முதலில் அறுப்போம், ஜெயித்த பிறகு ஊற்றுவோம் என்று திரும்பினேன்.

சாம்பலைத் தொட்டுக்கொண்டு முதல் மீனைப் பிடித்தேன். விலாங்கை வெறுங்கையில் பிடிக்க முடியாது. கத்தி கொண்டுபோகவில்லை, அவசரத்தில் மறந்துவிட்டேன். சங்கிலிபூதம் இடுப்பிலிருந்து தன் கத்தியை எடுத்து, கைப்பிடி என் பக்கம் இருக்கிற மாதிரி நீட்டினான். வாங்கி அறுத்தேன்.

நெட்டி கறுத்துக் கிடந்தது. பழைய செருப்புத் தோல் மாதிரி தடித்துப் போயிருந்தது. கத்தி முனையால் கீறினேன். உள்ளே கறுப்புக் கறுப்பாக நாலைந்து நெளிந்தது. ரத்தம் குடித்த அட்டை மாதிரி.

"இது ஒண்ணு. சேத்துல கிடந்தது" என்றேன்.

இரண்டாவதும் அதே. "இதுவும் அந்தச் சேத்துலதான் கிடந்திருக்கும்" என்றேன். மூன்றாவது அறுத்தேன். நாலாவதில் புழு இல்லை, ஆனால் நெட்டியே இல்லை. சுருங்கி ஒரு திரி மாதிரி ஒட்டிக் கிடந்தது. இது புழு முன்னாடி இருந்து செத்துப்போன இடம் ஐயா என்று மேடம் மெள்ளச் சொன்னது. ஐந்து. ஆறு. ஆறாவதுக்குச் சேற்றைக் குற்றம் சொல்லவில்லை நான்.

ஏழாவது பெரியது. மூன்று கிலோவுக்குக் குறையாது. வயிறு அப்படி ஒரு வெள்ளை. கையில் பிடித்ததும் சுற்றிக்கொண்டு முழங்கைவரை ஏறியது. மற்ற ஆறும் இந்த மாதிரி முறுக்கவில்லை, அது எனக்குக் கையில் தெரிந்தது. பறிக்காரன் கைக்குத் தெரியாதா?

"அதை விட்டுருங்க" என்றாள் பேராச்சி. "நம்ம அணைக்குக் கீழ கொண்டுபோய் விட்டுருவோம். போற இடத்துக்குப் போவட்டும்."

"போதும்யா. வேண்டாம்யா" என்றது மேடம்.

எப்படி விடுவேன், நீரே சொல்லும். ஆறு போய்விட்டது. ஏழாவதையும் விட்டுவிட்டு வந்தால் ஏழுக்கு ஏழும் புழு என்றுதானே ஊர் பேசும்? சுத்தம் என்று என் கைக்குத் தெரிந்தால் போதுமா? அறுக்காமல் எப்படிக் காட்டுவது?

அறுத்தேன்.

சுத்தம், தம்பி. சங்கு மாதிரி வெள்ளை. நீளமாக, உப்பலாக, வெயிலில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது. ஒரு புள்ளி கிடையாது. எட்டு வருஷம் நான் என்ன ஊற்றினேனோ, அதையெல்லாம் தாண்டி ஒன்று இப்படி வளர்ந்திருக்கிறது. நெட்டியை உருவி எல்லார் முன்னாலும் தூக்கிப் பிடித்தேன். "பாத்தியளா, சுத்தம்" என்றேன். மீன் அப்போதும் கல்லில் வாலை அடித்துக்கொண்டிருந்தது. விலாங்குக்கு உயிர் லேசில் போகாது.

பத்து இருபது பேர் நிற்கிறார்கள். மேடம் நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அணையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது. பேராச்சி என்னிடம் கேட்கவில்லை, சொல்லவில்லை. நேரே நடந்து தம்பி வீட்டுக்குள் போய்விட்டாள். டிரம்மில் தண்ணீர் அப்படியே இருந்தது. நான் ஊற்றவில்லை. அதை யார் எங்கே கொண்டுபோய் ஊற்றினார்கள் என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மொபெட்டில் காலி டிரம்தான் கட்டியிருந்தது. அதைக் கட்டினதும் நான் இல்லை.

எழுதி முடித்துவிட்டீரா அந்த வரியை? 'ஊற்றாதீர்கள்' வரைக்கும் வந்துவிட்டது. நான் அழிக்கச் சொல்லவில்லை. எழுதினது இருக்கட்டும். வாசிக்கிறவன் வாசித்துவிட்டுப் போகிறான்.

ஒன்று மட்டும்தான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குக் கல்லுக்கு முன்னால் நெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேனே, கை வலிக்கிற வரைக்கும் நின்றேன். மறுபடியும் சொன்னேன், சங்கிலிபூதம் முகத்தைப் பார்த்தே சொன்னேன், "சுத்தமால, இல்லையால?" என்று. அவன் கிட்டே வந்து, என் கையிலிருந்த கத்தியை மட்டும் வாங்கிக்கொண்டு, "ஆமா அத்தான், சுத்தம்" என்றான்.

காதுகுத்தோ கல்யாணமோ, தண்ணீரோ தென்னையோ, நான் எது சொன்னாலும் இல்லை என்று சொன்னவன். அன்றைக்கு ஒரு வார்த்தை இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன? சண்டை போட்டுவிட்டு வந்து சோறு தின்றிருப்பேன்.